ரெண்டும் மூலந்தானுங்க

ஆகஸ்ட் 4, திங்கள்

மாத்திரை கொடுத்த நேரத்தையும், வலிப்பு வந்தால் அதையும் எழுதி வைக்கச் சொல்லி டிஸ்சார்ஜ் பண்ணும்போது நர்ஸ் சொன்னாள். கம்பெனியில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி சும்மா கிடந்தது, எடுத்துவிட்டேன். மாத்திரைக்கு ஒரு ஓரம் போதும். மீதி இடத்தில் என் ஆத்திரத்தை எழுதப் போகிறேன். எங்காவது கொட்டாவிட்டால் வீட்டில் யாரையாவது அடித்துவிடுவேன்.

டைரிக்கு என்னைத் தெரியாது. நான் கோகிலவாணி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். தைத்து வருகிற பீஸைத் திருப்பிப் போட்டு ஓட்டை, கறை, தையல் விட்டது எல்லாம் பார்க்கிற வேலை. என் வீட்டுக்காரர் பூபதி வேறொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். போன மாதம் ஒரு நாள் கையில் கத்தரியை வைத்துக்கொண்டு அதன் பெயர் தெரியாமல் நின்றிருக்கிறார். பையன்கள் சிரித்திருக்கிறார்கள். சாயங்காலம் வலிப்பு வந்தது. கோயம்புத்தூருக்குக் கொண்டு போனோம். மூளையில் இடது பக்கம் கட்டி. எடுக்க முடிந்த மட்டும் எடுத்தாயிற்று, மிச்சம் உள்ளேயே இருக்கிறது. கிளையோபிளாஸ்டோமா என்று பெயர். வயது முப்பத்தெட்டு.

இன்று வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் கேட்பதற்கு "சாவி" என்றார். மகள் மித்ரா ஓடிப்போய் நிஜமாகவே வண்டிச் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அழுதார். நான் அழவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

வலிப்பு இல்லை. அத்தை, அதாவது என் மாமியார், இரண்டு முறை "எல்லாம் வந்த நேரம்" என்றார். எனக்குக் கேட்கட்டும் என்றுதான்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மறுபடி கோயம்புத்தூர். மாமியாரும் கூட வந்தார். "என்ற பையனுக்கு என்னன்னு நானும் கேக்கோணும்" என்று முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

சர்ஜன் எங்களை மெர்லின் என்ற ஒரு டாக்டரிடம் அனுப்பினார். நாகர்கோவில் பக்கத்துப் பெண், சின்ன வயது. பொறுமையாகப் பேசினாள்.

"இவருக்கு நாப்பது வயசுகூட ஆகலை. இந்த வயசுல இந்தக் கட்டி வந்தா நாங்க கொஞ்சம் தோண்டிப் பாப்போம். நம்ம செல் பிரியறப்ப எழுத்துப்பிழை மாதிரி தப்பு வரும். அதைத் திருத்தறதுக்குன்னே ஒடம்புல ஒரு ஏற்பாடு இருக்கு. இவர் கட்டியில அது வேலை செய்யலை. சில குடும்பத்துல பரம்பரையாவே அப்படி இருக்கும். அவங்களுக்குப் பெருங்குடல்ல கேன்சர் வரும். பொம்பளைங்களுக்குக் கர்ப்பப்பையில வரும். அபூர்வமா சில பேருக்கு மூளையில வரும். இவங்க அப்பா எதனால இறந்தாங்க?"

எனக்கு அது உடனே புரிந்தது. செக்கிங் செக்‌ஷனை மூடிவிட்டு லோடு ஏற்றுகிற கம்பெனி. ஆனால் பதில் சொல்ல வேண்டியது நான் இல்லையே. அத்தையைப் பார்த்தேன்.

"மூலம்ங்க" என்றார் அத்தை.

"பைல்ஸா? பைல்ஸ்ல அப்படி யாரும் இறந்துட மாட்டாங்களேம்மா."

"ரெண்டும் மூலந்தானுங்க டாக்டரம்மா. அவருக்கு வந்ததும் மூலம், வூட்டுக்கு வந்ததும் மூலம்." சொல்லிவிட்டுத் தாடையால் என்னைக் காட்டினார்.

மெர்லினுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"வேற யாருக்காவது குடல்ல, கர்ப்பப்பையில கேன்சர் இருந்திருக்கா?"

"எங்க வம்சத்துல அப்பிடியெல்லாம் கெடையாதுங்க."

இருந்தாலும் இவருக்கு ரத்தம் எடுத்து ஜீன் டெஸ்டுக்கு அனுப்புகிறேன் என்றாள்.  எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஆகஸ்ட் 13, புதன்

நேற்றையது அடங்கவில்லை. எழுதித் தொலைக்கிறேன்.

நான் பிறந்தது மூல நட்சத்திரத்தில். மூலத்தில் பிறந்தவள் மருமகளாக வந்தால் மாமனார் தங்கமாட்டார் என்று இந்த ஊர் நம்புகிறது. பொருத்தம் பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஜாதகத்தை விரித்த வேகத்தில் மடித்துவிட்டுப் போனார்கள். எங்கப்பா ராத்திரி சாப்பிடுவதையே நிறுத்திவிட்டார். அப்போதுதான் இந்தக் குடும்பம் வந்தது. "நாங்க நட்சத்திரம் பாக்கறதில்லீங்க, பொண்ணு நல்லாருந்தாப் போதும்" என்றார் இதே அத்தை. எங்கப்பா அந்த இடத்திலேயே கண் கலங்கிவிட்டார். அந்த நன்றியில்தான் நான் இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

கல்யாணமாகி ஒரு வருஷம் முடிவதற்குள் மாமா போய்விட்டார். மூலம் முற்றி, ரத்தம் போய்ப் போய். அன்றிலிருந்து இந்த வீட்டில் பால் திரிந்தாலும் காரணம் நான்தான். கோயிலில் அர்ச்சனைக்கு அத்தைதான் பெயர் சொல்வார், எனக்கு மட்டும் பூராடம் என்று சொல்லுவார். சாமியிடமே பொய். அதோடு, மாமா போனதால் இந்த வீட்டில் எல்லோருக்கும் மூலம் வந்துவிடக் கூடாது என்று வாரம் தவறாமல் கருணைக்கிழங்கு. உரிக்கிறவள் நான். கை அரிப்பு அடங்க நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டுதான் இதையும் எழுதுகிறேன்.

இதில் ஒரு தடவைகூட இவர் "விடும்மா அந்தப் பேச்சை" என்று சொன்னதில்லை. எழுந்து வெளியே போய்விடுவார். இன்று பேச்சே வராமல் படுத்திருக்கிறவர் மேல் இதற்காகக் கோபப்படலாமா? படுகிறேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மயில்சாமி மாமா வந்தார். பெரிய மாமனாரின் மகன், எனக்கு மச்சாண்டார் முறை. நூல் வியாபாரம், குரல் எப்போதும் மைக் வைத்த மாதிரி. நாத்தனார் தாரணிக்குப் பல்லடத்தில் மாப்பிள்ளை பார்த்தவர் இவர்தான். உப்புச்சக்கரை மாத்தி நிச்சயம் ஆகிவிட்டது, தை மாதம் கல்யாணம்.

"பூபதிக்கு இப்பிடியாயிருச்சுன்னு அவங்க கேட்டாங்க. தலையில சின்னக் கட்டி, எடுத்தாச்சுன்னு சொல்லிப் போட்டேன். இனி ஆரும் வேற ஒண்ணையும் ஒளறாதீங்க" என்று என்னைப் பார்த்தே சொன்னார். எப்போது நான் உளறினேன்?

தாரணி முற்றத்தில் துத்தி இலை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்குக் கல்யாணமாகி நான் வந்தபோது எட்டாவது படித்தாள்... தப்பாக எழுதிவிட்டேன். எனக்குக் கல்யாணமாகி நான் வந்தபோது அவள் எட்டாவது. தலை பின்னிவிட்டது நான்தான். இப்போது ஐடி கம்பெனியில் வீட்டிலிருந்தே வேலை. முகம் வெளுத்துக் கிடக்கிறது.

"யாருக்கு இலை?"

"எனக்குத்தாங்கண்ணி. சூடு. கொஞ்ச நாளா ரத்தம் போகுது. அம்மா வெளக்கெண்ணெயில வதக்கித் திங்கச் சொல்லுச்சு. உக்காந்தே வேலை பாக்கறதுல மூலம் வந்துருச்சாட்டம் இருக்குது."

"டாக்டரைப் பாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே ஆகவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

கதிர்வீச்சு நடக்கிறது. காலையில் கம்பெனி வேன் மாதிரி தினம் கோயம்புத்தூர் போய் வருகிறோம். முடி ஒரு பக்கமாகக் கொட்டிவிட்டது. மித்ரா படம் காட்டிக் காட்டி அப்பாவுக்கு வார்த்தை சொல்லிக் கொடுக்கிறாள். பசுவைக் காட்டினால் "பஸ்" என்கிறார். நாய்க்கு "நாளைக்கு". அவள் சிரித்தால் அவரும் சிரிக்கிறார்.

இன்று நான் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். தாரணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமிலிருந்து வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். இவர் அவளைக் கையால் காட்டினார். பிறகு என் கையைப் பிடித்தார். என் முகத்தைப் பார்த்துத் தெளிவாக, ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார்.

"மூலம்."

உருட்டிய கவளத்தைத் தட்டிலேயே போட்டேன்.

"மூலம். பாப்பா. பாரு."

பாப்பா என்றால் தாரணி, சின்னதிலிருந்து அப்படித்தான் கூப்பிடுவார். தண்ணீருக்கு வார்த்தை இல்லை. மகள் பெயர் வரவில்லை. இது மட்டும் வருகிறது. பார், என் தங்கச்சியையும் பிடித்துவிட்டது உன் நட்சத்திரம் என்கிறார். பதினாலு வருஷம் சொல்லாமல் மனதுக்குள் வைத்திருந்ததைக் கட்டி வந்து வெளியே தள்ளிவிட்டது.

"நீங்களுமா?" என்று கேட்டேன். தட்டைச் சுவரில் அடித்தேன். சோறெல்லாம் சிதறியது. தாரணி பயந்து எழுந்தாள். அத்தை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இவர் மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தார். மித்ராதான் விளக்குமாறு எடுத்துவந்து கூட்டினாள்.

செப்டம்பர் 10, புதன்

மாத்திரை கொடுத்தேன். பேசவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

இன்றும் "மூலம், பாப்பா" என்றார். காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன். வேட்டி மாற்றிவிட்டேன், நகம் வெட்டிவிட்டேன். வேலை வேறு, பேச்சு வேறு.

செப்டம்பர் 26, வெள்ளி

மெர்லின் போன் செய்தாள். ரத்தத்திலும் அந்தப் பழுது இருக்கிறதாம். அப்பா வழியிலோ அம்மா வழியிலோ வந்தே தீர வேண்டும் என்றாள். கூடப் பிறந்தவர்களுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பிள்ளைகளுக்கும் அப்படியே.

"மித்ராவுக்குமா?" என்றேன்.

"அவங்களுக்குப் பதினெட்டு வயசுல டெஸ்ட் எடுக்கலாம்மா, இப்ப பயப்பட வேண்டாம். ஆனா பெரியவங்க யாருக்காவது ரத்தம் போறது, எடை குறையறது இருந்தா உடனே குடலைப் பாக்கணும். ஆரம்பத்துலயே பாத்தா ஆளைக் காப்பாத்திடலாம். நல்லா கேளுங்க, நிச்சயம் யாருக்காவது இருந்திருக்கும்."

அத்தையிடம் கேட்டேன். "ஒருக்காச் சொன்னாப் பத்தாதா" என்று அவரைக்காய் நறுக்குவதிலேயே இருந்தார்.

காங்கேயத்துச் சின்னத்தை ஞாபகம் வந்தது. மாமாவின் தம்பி சம்சாரம், சரசாத்தாள். அந்தச் சின்ன மாமாவும் மூலத்தில்தான் போனார், என் கல்யாணத்துக்கு முன்பே. அதற்குப் பிறகு இந்த வீட்டில் அவரோடு பேச்சுவார்த்தை கிடையாது. காட்டு நிலத் தகராறு என்று சொல்லிவைத்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 28, ஞாயிறு

கம்பெனியில் ஓவர்டைம் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் காங்கேயம் போனேன். சின்னத்தை தனியாக இருக்கிறார். பிள்ளைகள் இல்லை. எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் வாளியை வைத்துவிட்டார்.

சுற்றி வளைக்கவில்லை. சின்ன மாமாவுக்கு என்ன என்று கேட்டேன்.

"மூலம்னு சொன்னாங்களாக்கும் உனக்கு? ஏன் அம்முணி, மூலத்துக்கு வயித்துல ஆராச்சும் பை வெப்பாங்களா?"

"பையா?"

"பீப்பை சாமி. குடலை அறுத்து வயித்துப் பக்கமா வெளிய எடுத்து உட்டுருந்தாங்க. நாந்தான் தொடச்சேன், நாந்தான் மாத்துனேன். உன்ற மாமனாருக்கும் அதே பைதான். அவருக்கு அக்கா ஒருத்தி இருந்தா, அவ கர்ப்பப்பையில போனா. எல்லாம் புத்துநோய். நான் வெளிய சொல்லிப் போடுவன்னுதான் என்னைய ஒதுக்கி வெச்சாங்க."

எனக்கு எங்கள் வீட்டு மேற்குப் பக்க அறை நினைவுக்கு வந்தது. மாமா படுத்திருந்த அறை. புது மருமகள், மூலத்துக்காரி, நோயாளி முகத்தில் முழிக்கக் கூடாது என்று என்னை வாசற்படி தாண்ட விட்டதில்லை. கஞ்சியைக்கூட வாசலில் வைத்துவிட்டு வர வேண்டும். நானும் என் ராசியை நினைத்துக் குறுகிக்கொண்டு வெளியே நின்றேன். உள்ளே ஊதுபத்தி வாசம் எப்போதும் தூக்கலாக இருக்கும்.

"அவருக்கு எப்ப வந்தது அத்தை?"

சின்னத்தை என்னைத் திண்ணையில் உட்காரவைத்தார். "உன்ற கல்யாணத்துக்கு முன்னாலயே கண்டுபுடிச்சாச்சு கண்ணு. உன்னைய எதுக்கு எடுத்தாங்கன்னு நெனச்ச? வேற எடத்துல பொண்ணுக் கேட்டா நாலு பேரு விசாரிப்பாங்க. மூலத்துப் பொண்ணக் குடுக்கறவன் எதிர்க் கேள்வி கேப்பானா? அதும் போக, நாளைக்கி மனுசன் போயிட்டா எதனால போனாருன்னு ஆருக்கும் சந்தேகம் வராது. பழி போடறக்கு ஆள் வூட்டுக்குள்ளயே இருக்குது."

அவர் கொடுத்த மோரைக் குடித்தேன். டம்ளரைக் கழுவி வைத்தேன். எப்படி பஸ் ஏறினேன் என்று தெரியவில்லை.

நட்சத்திரம் பார்க்காத குடும்பமாம். என் நட்சத்திரத்துக்காகவேதான் என்னை எடுத்திருக்கிறார்கள். எங்கப்பா சாகும்வரை இவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

செப்டம்பர் 29, திங்கள்

அத்தை இட்லிக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். "காங்கேயம் போயிருந்தேன்" என்றேன். கரண்டி நின்றது.

"அவ பைத்தியக்காரி."

"பை வெச்சிருந்தாங்களா, இல்லையா?"

அத்தை அடுத்த குழியில் மாவை ஊற்றினார்.

"என் அப்பன் உங்க காலைத் தொட்டாரே அத்தை! எனக்கு வாழ்வு குடுத்தீங்கன்னு தொட்டாரே! கூசலையா உங்களுக்கு?"

அப்போதுதான் அவருக்கும் குரல் வந்தது. "என்னைய என்ன பண்ணச் சொல்ற? அப்ப பதிமூணு வயசுப் புள்ள ஒண்ணு கையில இருக்குது. புத்துநோய் வூடுன்னு பேரு வந்தா அதை எவன் கட்டுவான்? உன்னைய நாலு வார்த்தை சொன்னேன், சோறு போடாம உட்டனா? பூபதியே கோயில்ல சத்தியம் பண்ணிக் குடுத்தான், தங்கச்சி கல்யாணம் முடியற மட்டும் வாயத் தொறக்க மாட்டன்னு. போ, அவனைக் கேளு!"

அவனைக் கேளு என்கிறார். தண்ணீருக்குச் சாவி என்கிறவரை.

செப்டம்பர் 30, செவ்வாய்

கேட்டேன். கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தேன். ஆமாம் என்றால் தலையாட்டச் சொன்னேன்.

உங்கப்பாவுக்குக் கேன்சரா? ஆட்டினார்.

தெரிந்துதான் என்னைக் கட்டினீர்களா? ஆட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். அதுவே போதும்.

கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று எழுத மாட்டேன். உன் அம்மா என்னைச் சொல்லும்போதெல்லாம் எழுந்து போனாயே, செருப்பு மாட்டிக்கொண்டு போனாயே, அது இதற்குத்தானா என்று கேட்டேன். வாழ்நாளில் முதல்முறையாக "நீ" என்றேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். தாரணி இருக்கும் பக்கத்து அறையைக் கையால் காட்டினார். தன் வயிற்றைத் தொட்டார்.

"மூலம். பாப்பா. பாரு."

அவர் காட்டிய பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

இந்த வீட்டில் அந்த நோய்க்கு இருந்த ஒரே பெயர் அதுதான். அவருக்கு வேறு வார்த்தை தெரியாது. மூன்று வாரமாக இந்த மனிதர் என்னைத் திட்டவில்லை. சத்தியத்தை உடைத்துக்கொண்டிருந்தார். மிச்சமிருந்த ஒற்றைச் சொல்லை வைத்து, தங்கச்சிக்கு அது வந்துவிட்டது, அவளைப் பார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் தட்டை எறிந்தேன். காது கேட்காத மாதிரி நகம் வெட்டினேன்.

மூன்று வாரம் போய்விட்டது. அதற்கும் எனக்கு அவர் மேல்தான் கோபம் வருகிறது. பேச முடிந்தபோது பேசியிருக்கலாமே.

அக்டோபர் 2, வியாழன்

தாரணியை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தாள். பிறகு "என் கல்யாணத்தைக் கெடுக்கப் பாக்கறீங்களா?" என்றாள். பிறகு அழுதாள்.

"எங்க செக்‌ஷன்ல ஒரு பீஸ்ல ஓட்டை இருந்தா என்ன பண்ணுவோம் தெரியுமா? அந்த ரோல்ல வெட்டின அத்தனை பீஸையும் இறக்கிப் பாப்போம். ஓட்டை உன் தப்பில்ல. பாக்காம பேக் பண்ணினா அது தப்பு."

"நான் பீஸாங்கண்ணி?"

"இல்ல. நான் தலை பின்னிவிட்ட புள்ள. அதனாலதான் உன்னை இழுத்துட்டாவது போவேன்."

அக்டோபர் 7, செவ்வாய்

அத்தை வாசலில் குறுக்கே நின்றார். "இவளையும் ஆசுபத்திரியில கொண்டுபோய்க் கேன்சர்னு முத்திரை குத்திக் கூட்டிட்டு வா" என்றார். தாரணி அவரை ஒதுக்கிவிட்டு ஆட்டோவில் ஏறினாள். முந்தைய நாள் முழுக்கப் பேதி மருந்து குடித்து அவளுக்கு நிற்கவே தெம்பில்லை. குழாய் விட்டுக் குடலைப் பார்க்கிற கொலோனோஸ்கோபி.

கட்டி இருக்கிறது. குடலின் சுவரிலேயே நிற்கிறது, வெளியே பரவவில்லை என்றாள் மெர்லின். பக்கத்தில் இன்னும் கேன்சராகாத இரண்டு மருக்கள். "நல்ல நேரத்துல வந்தீங்க" என்றாள். இதைவிட மூன்று வாரம் முன்னாலேயே வந்திருக்கலாம் என்று நான் சொல்லவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

நாளை தாரணிக்கு ஆபரேஷன். கோயிலுக்குத் தனியாகப் போனேன். அர்ச்சனைக்கு அய்யர் பெயர் நட்சத்திரம் கேட்டார். "கோகிலவாணி, மூலம்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன்.

நவம்பர் 3, திங்கள்

தாரணி வீட்டுக்கு வந்துவிட்டாள். குடலில் ஒரு பாகத்தை எடுத்துவிட்டுச் சேர்த்துத் தைத்துவிட்டார்கள். பை வைக்கவில்லை.

பல்லடத்துக்காரர்கள் உப்புச்சக்கரையைத் திருப்பிக்கொண்டார்கள். மயில்சாமி மாமா வீட்டுக்கு வந்து குதித்தார். "ஒரு குடும்ப மானத்தையே சந்தையில கொண்டுபோய் வெச்சுட்டயே! மூலத்துக்காரி புத்தியக் காட்டிப் போட்ட!"

தாரணி படுக்கையிலிருந்தே சொன்னாள்: "அண்ணா, உங்க சத்தத்துல தையல் பிரிஞ்சுரும்போல இருக்குது. வெளிய போங்க."

அத்தை எழுந்து சமையலறைக்குப் போனார். என்னிடம் பேசுவதில்லை. ஆனால் கருணைக்கிழங்கு வாங்குவது நின்றுவிட்டது.

டிசம்பர் 19, வெள்ளி

கட்டி மறுபடி வளர்ந்திருக்கிறது. இனி ஊசி மருந்து வேண்டாம், வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று சர்ஜன் சொல்லிவிட்டார். யார்மேல் எரிந்து விழுவது என்று தெரியாமல் லிஃப்ட் பட்டனைக் குத்திக்கொண்டே இருந்தேன்.

ஜனவரி 11, ஞாயிறு

இப்போது வார்த்தையே இல்லை. வலது கையும் விழுந்துவிட்டது. நேற்றுத் தாரணி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்சம் சதை பிடித்திருக்கிறாள். அவர் இடது கையால் அவளைக் காட்டினார், என்னைப் பார்த்தார். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. என்ன சொல்ல வருகிறார் என்று எனக்குத் தெரியும்.

"பாத்தாச்சு" என்றேன். "பாப்பாவைப் பாத்தாச்சு. அறுத்து எடுத்தாச்சு. நல்லா இருக்கா."

தாரணி தன் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினாள். அதை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தூங்கிவிட்டார்.

நான் உங்களை மன்னிக்கவில்லை. இதை இவர் படிக்க முடியாது, இருந்தாலும் எழுதி வைக்கிறேன். மன்னிக்கவில்லை. தலையணை உறை மாற்ற வேண்டும்.

பிப்ரவரி 4, புதன்

காலையில் போய்விட்டார். மாத்திரை எழுத வேண்டியதில்லை.

பிப்ரவரி 9, திங்கள்

இன்று கருமாதி. மாமா வழிப் பங்காளிகள் அத்தனை பேரும் பந்தலில் இருந்தார்கள். கோவை, கரூர், தாராபுரம் எங்கிருந்தெல்லாமோ. நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். முன் வரிசைப் பெண்ணொருத்தி பக்கத்தவளிடம் சொன்னாள். "மாமனாரை முழுங்கிச்சு, இப்ப புருசனையும் முழுங்கிருச்சு. மூலம்னாச் சும்மாவா."

எழுந்து நின்றேன். திட்டமெல்லாம் போடவில்லை. கால் தானாக எழுந்தது.

"ஆமா, மூலந்தான்" என்றேன். பந்தல் அடங்கிவிட்டது. "எனக்கு இருக்கறது நட்சத்திரம். உங்களுக்கு இருக்கறது ரத்தம். எங்க மாமனாருக்கு மூலமில்ல, குடல்ல கேன்சர். சின்ன மாமாவுக்கும் அதேதான். அவங்க அக்காவுக்குக் கர்ப்பப்பையில. அது என் வீட்டுக்காரருக்கு மூளையில வந்துச்சு. தாரணிக்குக் குடல்ல வந்து, பாத்ததனால பொழைச்சிருக்கா. எம் மகளுக்கும் இருக்கலாம். உங்க ஒவ்வொருத்தருக்கும் இருக்கலாம். உங்கள்ல எத்தனை பேரு துத்தி இலை திங்கறீங்க? எத்தனை பேரு மூலம்னு சொல்லி மருந்துக் கடையில ஆயின்மென்ட் வாங்கறீங்க? இனி இப்பிடி எல்லாரும் ஒண்ணாக் கெடைக்க மாட்டீங்க. அதனாலதான் இப்பவே சொல்றேன். போய்க் குடலைப் பாருங்க."

மயில்சாமி மாமா பாய்ந்து வந்தார். "எழவு வூட்டுல பேசற பேச்சா இது? வாய மூடு! எங்க வம்சத்துல அப்பிடியெல்லாம் எவனுக்கும் கெடையாது!" இரண்டு மூன்று பேர் "ஆமா, ஆமா" என்றார்கள். சாப்பிடாமலே சிலர் கிளம்பினார்கள்.

எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். தலையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தவர் நிமிரவே இல்லை. இல்லை என்று சொல்லுவார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. தாரணி போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டார். அவ்வளவுதான் அவரிடமிருந்து வரும் போலிருக்கிறது.

பிப்ரவரி 10, செவ்வாய்

பந்தல் பிரிக்க ஆள் வந்தார்கள். வாடகைப் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மயில்சாமி மாமா. பாக்கித் திட்டைத் திட்டுவதற்கு என்று நினைத்துக் கையைத் துடைத்துக்கொண்டு தயாராக எடுத்தேன். நானும் விடுவதாக இல்லை.

 நான் கேட்டே இராத ஒரு சின்னக் குரலில் பேசினார்.

"அம்முணி... பக்கத்துல ஆரும் இருக்கறாங்களா?"

"இல்ல. சொல்லுங்க."

"எனக்கும் மூலந்தான் அம்முணி. மூணு வருசமா."

நேற்று பந்தலில் கையை ஓங்கிக்கொண்டு வந்த மனிதர். பல்லடத்தில் சின்னக் கட்டி என்று சொல்லிவிட்டு வந்த மனிதர். எனக்குத் தெரிந்த அத்தனை வசவும் தொண்டைவரை வந்து நின்றது. கழுவாத அண்டா ஒன்று பாக்கி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"நாளைக்கு மெர்லின் டாக்டர்கிட்டப் போறோம்" என்றேன். "வீட்டுல இருக்கற கருணைக்கிழங்கையெல்லாம் குப்பையில கொட்டிட்டு வாங்க."